நனையா உடையின் வரலாறு

திருவனந்தபுரம் நகரில், சாலைக் கடைத்தெருவை அடுத்து அமைந்துள்ள பழம்பகுதி வலியசாலை. ‘வலிய’ என்னும் மலையாளச் சொல்லுக்குப் பெரிய என்பது பொருள். இங்கே சாலை என்பது வண்டி செல்லும் வழியன்று. மாணவர்க்கு உணவும் உறையுளும் தந்து கல்வி புகட்டிய பழைய நிறுவனம். காந்தளூர் மகாதேவர் கோயிலும், அதனைச் சூழ்ந்த தமிழ் அக்கிரகாரமும் இப்பகுதியின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன. முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்தான் என்று கல்வெட்டுகள் கூறும் செய்தியை இவ்விடத்தோடு பொருத்திக் காண்போர் பலர். கலம் என்பது மரக்கலம் என்று கொண்டு, சேரர் கப்பல்களை அழித்தான் என்பர் ஒரு சாரார். அஃது உண்கலம் என்று கொண்டு, சாலையில் நடந்த உணவு அறத்தில் மாற்றம் செய்தான் என்பர் மற்றொரு சாரார். அந்த வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. மரக்கலமோ உண்கலமோ, கடலை அண்டி வாழ்ந்த ஊர் இது என்பதில் ஐயமில்லை.

வலியசாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் தம்பானூர் இரயில் நிலையம் இருக்கிறது. அந்நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் ஆமயிழஞ்சான் தோடு என்னும் கால்வாய் ஓடுகிறது. 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அக்கால்வாயில் நிகழ்ந்த ஒரு துயரம், நீரில் மூழ்கித் தேடும் வீரர்களை நகரின் நடுவே வரவழைத்தது. கடலில் மட்டுமே நாம் எண்ணிப் பார்த்திருந்த ஒரு தொழில் அன்று கடைத்தெருவின் ஓரத்திற்கு வந்தது. நீருக்குள் இறங்குகிறவன் எதை அணிந்து இறங்குகிறான், எதை அணிந்து இறங்கவேண்டும் என்ற வினா அதனோடு எழுகிறது. இவ்வினாவின் வரலாற்றையே இங்குக் காணப் புகுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் டிரை சூட் என்று வழங்கும் உடையை ‘உலர் உடை’ என்று பெயர்ப்பது எளிது. ஆயின் அது பொருந்துவதாக இல்லை. உலர்ந்தது என்றால் முன்பு ஈரமாக இருந்து பின்பு காய்ந்தது என்றே தமிழர் செவியில் படும். இவ்வுடையோ நீரைத் தன்னுள்ளே புகவிடாதது. அணிந்தவன் மேனியை நனையாமல் காப்பது. ஆகவே இதனை நனையா உடை என்போம். இதற்கு இணையாக வழங்கும் வெட் சூட் என்பதோ நனைகின்ற உடை. சிறிதளவு நீரை உள்ளே விட்டு, அந்நீரை உடற்சூட்டால் வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொள்வது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் செய்திகள் தெளிவாகும்.

நீரில் மூழ்கிப் பிழைக்கும் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு உலகப் புகழ் பெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ அதனை விரிவாக எழுதிச் சென்றார். பங்குனி சித்திரை மாதங்களில், இரு பருவக் காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியுற்றிருக்கும் வேளையில், சிலாபம் கூடும். பரதவரும், கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம்களும், அரபு நாட்டினின்று வந்தோரும் தோணிகளில் பார்களை நோக்கிச் செல்வர். பார் என்பது கடலடியில் சிப்பி விளையும் திட்டு. ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம், அதாவது 9 முதல் 18 மீட்டர் வரை, அவர்கள் இறங்குவர்.

அவர்கள் அணிந்தது என்ன? இடையில் ஒரு துணி. கழுத்திலோ இடுப்பிலோ ஒரு வலைப்பை. காலால் பற்றி விரைந்து இறங்க, கயிற்றில் கட்டிய கனத்த கல் ஒன்று. அரபுக் குளிப்போர் கொம்பினால் செய்த கிடுக்கியை மூக்கில் மாட்டிக்கொள்வர். விரல்களுக்குத் தோலுறை இட்டுக்கொள்வர். ஒரு மூச்சில் ஒரு நிமிடம் அளவே அடியில் நிற்க முடியும். தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பவனின் கவனத்தில் குளிப்பவனின் உயிர் இருந்தது.

சுறாவிடமிருந்து காக்கவும் ஓர் ஏற்பாடு இருந்தது; அது மந்திரம். கடல்கட்டி எனப்படுவோர் கரையில் அமர்ந்து மந்திரம் ஓதிச் சுறாக்களின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்டது. அவர்களுக்குச் சிப்பியில் ஒரு பங்கும் கிடைத்தது. மார்க்கோ போலோவும் இவ்வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். பின்னாளில் ஆங்கிலேய அரசு மந்திரத்தை நம்பவில்லையாயினும், கடல்கட்டி இல்லையேல் குளிப்போர் இறங்க மறுப்பர் என்று கண்டு அவர்களை நெடுங்காலம் வைத்திருந்தது. உடையால் காக்க இயலாதபோது நம்பிக்கையால் காத்தனர் என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

ஏன் உடை தோன்றவில்லை? நம் கடல் வெதுவெதுப்பானது என்பதே முதற்காரணம். கேரளக் கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடலின் மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதியில் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கிறது. ஆயினும் மனித உடலின் வெப்பம் 37 பாகை. நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திச் செல்லும். எனவே 28 பாகை நீரும் உடலை மெல்ல மெல்லக் குளிரச் செய்வதே. முத்துக்குளிப்போர் ஒரு நிமிடம் மூழ்கி, மேலே வந்து வெயிலில் மூச்சு வாங்கி, மீண்டும் மூழ்கினர். குளிரை வெயில் ஈடுசெய்தது. ஒரே மூச்சில் இறங்கி ஏறுபவனுக்கு உடை ஒரு சுமையாகவும் இருந்திருக்கும்.

விழிஞ்ஞத்திலும் கோவளத்திலும் பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் சிப்பிகளைப் பறித்து விற்கும் மீனவர் இன்றும் ஏறக்குறைய இம்முறையிலேயே மூழ்குகின்றனர். உளி போன்ற ஒரு கருவி, இடுப்பில் ஒரு வலைப்பை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவே. வலியசாலைக்குத் தெற்கே 16 கிலோமீட்டர் அளவில் உள்ள அக்கரையில், தென்மேற்குப் பருவக்காற்றின்போது அடிநீர் மேலெழுந்து கடல் சில பாகை குளிர்ந்துவிடும். அப்போதும் அவர்கள் மேனியில் தடித்த உடை ஏதும் இராது. பழக்கமும் தேவையும் அவர்களைத் தாங்குகின்றன.

குளிர்நாடுகளின் கதை வேறு. ஜப்பானின் அமா மகளிரும், கொரியாவின் சேசுத் தீவில் வாழும் ஹேன்யோ மகளிரும் பல நூற்றாண்டுகளாக மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுத்து வருபவர்கள். கொரிய மகளிர் பருத்தி உடை ஒன்றை மட்டுமே அணிந்து, பனிக்காலத்திலும் கடலில் இறங்கினர். குளிர் பொறுக்கும் வரை மூழ்குவதும், கரையேறித் தீக்காய்வதும், மீண்டும் இறங்குவதுமாக அவர்கள் நாள் கழிந்தது. 1970-களின் தொடக்கத்தில் நுரை ரப்பரால் ஆன நனையும் உடை அவர்களுக்குக் கிடைத்தது. அதன்பின் அவர்கள் ஒரே முறையில் சில மணி நேரம் நீரில் நிற்க முடிந்தது. ஓர் உடை, ஒரு தொழிலின் வேலை நேரத்தையே மாற்றிவிட்டது.

மேனி முழுவதும் நனையாமல் கடலடிக்குச் செல்லும் உடை ஐரோப்பாவில் தோன்றியதும் தேவையினாலேதான். 1823-இல் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் மக்கின்டாஷ், இரு துணிகளுக்கு இடையே ரப்பர்க் குழம்பைத் தடவி நீர்புகாத துணி செய்யும் உரிமையைப் பதிவு செய்தார். அதே ஆண்டில் சார்லஸ் டீன் என்னும் ஆங்கிலேயர், தீப்பிடித்த இடங்களில் புகைக்குள் நுழைவதற்கு ஒரு தலைக்கவசம் அமைத்து உரிமை பெற்றார். தீக்காக எழுந்த கவசம் சில ஆண்டுகளில் நீருக்கு வந்தது. ஆயின் அது கீழே திறந்த கவசம். குனிந்தால் நீர் உள்ளே ஏறிவிடும். 1830-களில் அகஸ்டஸ் சீபே என்னும் பொறியாளர், தலைக்கவசத்தையும் நீர்புகாத் துணியுடையையும் ஒன்றாகப் பிணைத்து மூடிய உடையாக்கினார். உள்ளே கம்பளி ஆடை. வெளியே ரப்பர் தடவிய கித்தான். தலையில் செம்புக் கவசம். காலில் ஈயக் காலணி. மேலே எக்கியால் இறைத்து அனுப்பும் காற்று. நனையா உடையின் மூதாதை இதுவே.

1782-இல் இங்கிலாந்தின் கரையோரம் மூழ்கிய ராயல் ஜார்ஜ் என்னும் போர்க்கப்பலை அகற்றும் பணி, 1839 முதல் கர்னல் பாஸ்லி என்பவரின் தலைமையில் நடந்தது. அப்பணியில் சீபேயின் உடை நன்கு தேர்வு பெற்றது. ஆனால் அங்கேயே ஒரு புதிய நோயும் தலைகாட்டியது. நாள்தோறும் நெடுநேரம் அடியில் உழைத்தோர்க்கு மூட்டுகளில் வலி கண்டது. அழுத்தத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறும்போது குமிழியாக வெளிப்படுவதே இதன் காரணம் என்பது பின்னர்த் தெரிந்தது. படிப்படியாக மேலேறும் முறையை 1908-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் அட்டவணையாக வகுத்துத் தந்தார். குளிரிலிருந்து காக்கும் கருவி நீரில் நிற்கும் காலத்தை நீட்டியது. நீண்ட காலம் வேறோர் இடரைக் கொணர்ந்தது. ஒவ்வொரு பாதுகாப்பும் தனக்குரிய பயிற்சியையும் கேட்கும் என்பதற்கு இது சான்று.

ஆஸ்திரேலியாவின் புரூம் நகரில் முத்துச்சிப்பி எடுக்க இக்கவச உடையே வழக்கமாயிற்று. மன்னார் வளைகுடாவிலோ வெறுமேனிக் குளிப்பே நிலைத்தது. ஆழம் குறைவு, நீர் வெப்பம், குளிப்போர் ஆயிரக்கணக்கில் கிடைத்தனர். விலை மிகுந்த உடையும் எக்கியும் எதற்கு என்று குத்தகைதாரரும் அரசும் கருதியதில் வியப்பில்லை. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே அக்கரையின் கடைசிப் பெரும் சிலாபம். அதன்பின் பார்கள் வறண்டன. உடை கிடைக்காமற் போனதற்கு வெதுவெதுப்பான நீர் ஒரு காரணம். மலிவான உழைப்பு மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தை வரலாறு எழுதுவோர் பலகாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.

இரண்டாம் உலகப் போர் மூழ்குவோரின் உடையை மீண்டும் மாற்றியது. 1941 திசம்பர் 19 அன்று விடியுமுன், ஆறு இத்தாலிய வீரர்கள் ரப்பர் உடை அணிந்து, நீரடியில் செல்லும் ஊர்திகளில் அலெக்சாண்டிரியாத் துறைமுகத்திற்குள் புகுந்து, பிரிட்டனின் இரு போர்க்கப்பல்களை வெடிவைத்துச் சிதைத்தனர். செம்புக் கவசமும் மேலிருந்து வரும் காற்றுக்குழாயும் இல்லாமல் மனிதன் நீருக்குள் தன்னுரிமையோடு உலவக்கூடும் என்று உலகம் அறிந்தது. 1943-இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும், மூச்சிழுக்கும் அளவுக்கேற்பக் காற்றை விடும் அடைப்பானை அமைத்தனர். ஸ்கூபா எனப்படும் முக்குளிப்பு அதிலிருந்து பரவியது. 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவைச் சார்ந்த இயற்பியலறிஞர் ஹியூ பிராட்னர், நியோப்பிரீன் என்னும் செயற்கை ரப்பரை நுரையாக்கி நனையும் உடையைக் கண்டார். நுரையினுள் சிறைப்பட்ட வாயுக் குமிழிகளே வெப்பத்தைக் காக்கும் என்பது அவரது கருத்து.

நனையும் உடைக்கு ஒரு குறை உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. ஆழம் செல்லச் செல்ல அக்குமிழிகள் நசுங்கி உடை மெலியும். குளிர் மிகும் இடத்தில் காப்புக் குறையும். எனவே வடநாட்டுக் கடல்களுக்கு நனையா உடையே ஏற்றது என்று உணர்ந்து, 1960-களில் ஸ்வீடன் நாட்டினர் அதனைப் புதுப்பித்தனர். காற்றுக் கலத்திலிருந்து உடைக்குள் சிறிது காற்றை விடும் அடைப்பான் ஒன்றும், மேலேறும்போது அதனை வெளியேற்றும் அடைப்பான் ஒன்றும் உடையில் பொருத்தப்பட்டன. விண்வெளி உடைகளுக்கென உருவான, காற்றும் புகாத பல்லிழுப்பான் இதற்குக் கைகொடுத்தது. விண்ணுக்குப் போகும் மனிதனும் கடலடிக்குப் போகும் மனிதனும் ஒரே வகைப் பூட்டினால் தம் உடையை மூடிக்கொண்டனர்.

இனி, இவ்வுடையைத் தேர்ந்தெடுப்போர் அறியவேண்டுவன யாவை என்று காண்போம். குளிர்நாடுகளில் வேலை பார்க்கும் நம்மவருக்கும், இமயத்து ஏரிகளில் மூழ்க விரும்புவோர்க்கும், மீட்புப் பணியில் இருப்போர்க்கும் இது பயன்படும். முதலாவது கேள்வி, நனையா உடை வேண்டுமா என்பதே. நீரின் வெப்பம் 25 பாகைக்கு மேல் இருந்தால் மெல்லிய நனையும் உடையே போதும். 15 பாகைக்குக் கீழே செல்லின் நனையா உடையை நாடலாம். இடைப்பட்ட நிலையில் ஆழமும், நீரில் நிற்கும் நேரமும், அணிபவரின் உடல்வாகும் முடிவு செய்யும். ஆகவே கோவளத்திலோ தூத்துக்குடியிலோ இன்பத்திற்காக மூழ்குபவர் இதற்குப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை.

வேண்டும் என்று தெளிந்தபின், துணி எது என்று பார்க்கவேண்டும். மூன்று வகைகள் சிறப்பானவை. நைலான், பியூட்டைல் ரப்பர், பாலியெஸ்டர் ஆகிய மூன்றையும் ஒட்டிச் செய்த மூவடுக்குத் துணி மெல்லியது, விரைவில் காய்வது, மடித்து எடுத்துச் செல்ல எளியது. ஆனால் அதற்குத் தனியே வெப்பங்காக்கும் தன்மை இல்லை, உள்ளாடைதான் காக்கவேண்டும். நியோப்பிரீன் வகை தானும் ஓரளவு வெப்பம் காக்கும். உடலோடு ஒட்டி நீந்த வசதி தரும். ஆனால் கனமானது, உலர நெடுநேரமாகும். கெட்டிப்படுத்திய ரப்பர் வகை வழவழப்பானது, அழுக்கை உறிஞ்சாது, கழுவினால் தூய்மையாகும், கிழிந்தால் மிதிவண்டிக் குழாய்க்கு ஒட்டுப்போடுவதுபோல் ஒட்டிவிடலாம். மாசுற்ற நீரில் வேலை செய்வோர் இதனையே பெரிதும் கொள்வர்.

அடுத்து அளவு. உள்ளாடையை அணிந்துகொண்டே உடையைப் போட்டுப் பார்க்கவேண்டும். குந்தி அமரவும், இரு கைகளையும் முன்னே கோத்துக்கொள்ளவும், தோளுக்குப் பின்னேயுள்ள காற்றுக்கலத்தின் திருகைத் தொடவும் இயலவேண்டும். மிக இறுகினால் அசைவு தடைப்படும். மிகத் தளர்ந்தால் காற்று ஓரிடத்தில் திரளும். உள்ளாடைக்குப் பருத்தி ஆகாது. வியர்வையை ஏந்திக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். கம்பளியோ செயற்கை இழையோ நன்று. உடலைச் சூடாக வைப்பது அவ்விழைகளுக்கிடையே நிற்கும் காற்றே.

கழுத்திலும் மணிக்கட்டிலும் நீரைத் தடுக்கும் பட்டைகள் உயிர்நிலை போன்றவை. இயற்கை ரப்பர்ப்பாலால் ஆனவை மென்மையாக உடலோடு பொருந்தும். ஆனால் வெயிலும் எண்ணெயும் அவற்றைக் கெடுக்கும். மேனியில் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கமுள்ளவர் இதனை மறக்கலாகாது; எண்ணெயைக் கழுவித் துடைத்து, மணமற்ற வெண்தூள் இட்டே பட்டைகளை அணியவேண்டும். சிலிக்கோன் பட்டைகள் மென்மையானவை, மாற்றுவதற்கும் எளியவை. கழுத்துப்பட்டை மிக இறுகினால் கழுத்து நாளங்களை அழுத்தி மயக்கம் வருவிக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பல்லிழுப்பானை முறையாக மெழுகிட்டு வைத்தல் வேண்டும்; உடையின் பகுதிகளில் விலை மிகுந்ததும் எளிதில் பழுதாவதும் அதுவே. பழைய உடையை வாங்குவோர் பட்டைகளையும் பல்லிழுப்பானையும் முதலில் சோதிப்பாராக. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பூட்டிய பெட்டியில் கிடந்த ரப்பர், தோற்றத்தில் புதிதாயிருந்தும் கையில் பிசுபிசுத்துக் கிழியும்.

எல்லாவற்றிலும் இன்றியமையாதது பயிற்சி. இறங்கும்போது காற்றை உள்ளே விடாவிடில் உடை மேனியை நெருக்கும். ஏறும்போது வெளியேற்றாவிடில் காற்று விரிந்து, அணிந்தவனைத் தடுக்க இயலாத வேகத்தில் மேலே கொணர்ந்துவிடும். தலைகீழாக நேர்ந்தால் காற்று கால்களுக்கு ஏறிவிடும். அப்போது உடலை உருட்டி நிமிர்த்தத் தெரிந்திருக்கவேண்டும். ஆழமற்ற குளத்தில், ஆசிரியர் முன்னிலையில் இவற்றைக் கற்றபின்னரே ஆழ்நீரில் இறங்குதல் முறை.

கேரளத்திற்கு இவ்வுடையோடு வேறோர் உறவும் உண்டு. 1902-இல் பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் ரப்பர்த் தோட்டம் தொடங்கியது. இன்று நாட்டின் இயற்கை ரப்பரில் மிகுந்த பங்கைத் தருவது கேரளமே; ரப்பர் வாரியத்தின் தலைமையகமும் கோட்டயத்தில் உள்ளது. நனையா உடைக்கு வேண்டும் ரப்பர்ப்பால் நம் வீட்டுக் கொல்லைகளில் வடிகிறது. உடையோ நம்மிடம் அரிதாக இருக்கிறது.

இப்போது தம்பானூர்க் கால்வாய்க்குத் திரும்புவோம். 2024 சூலை 13 அன்று, இரயில் நிலையத்திற்கு அடியில் செல்லும் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், பெருமழையால் திடீரெனப் பெருகிய நீரில் அடித்துச் செல்லப்பட்டார். தண்டவாளங்களின் கீழே நூறு மீட்டருக்கு மேல் நீளும் இருட்டுச் சுரங்கம். அதில் பல ஆண்டுகளாகப் படிந்த பிளாஸ்டிக்கும் சேறும் கழிவும். தீயணைப்பு மீட்புத் துறையின் ஸ்கூபா வீரர்கள் அந்த நீரில் மூழ்கித் தேடினர். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், கொச்சியிலிருந்து கடற்படையினரும் வந்தனர். சாக்கடைக் குழிகளில் மனிதனுக்குப் பதில் இறங்குவதற்கென்று திருவனந்தபுரத்திலேயே உருவாகி 2018-இல் பணிக்கு வந்த பாண்டிகூட் என்னும் இயந்திரமும் துணைக்கு அழைக்கப்பட்டது. ஏறக்குறைய 46 மணி நேரம் கழித்து, 15-ஆம் நாள் காலையில், பழவங்காடிப் பகுதியில் தகரப்பறம்புக் கால்வாயில் அவர் உடல் மிதந்தது. தேடியவர்கள் எட்டமுடியாத சுரங்கத்தைக் கடந்து, நீரே அதனை வெளியே கொணர்ந்திருந்தது.

நனையா உடைக்கு நம் நாட்டில் உரிய இடம் இங்கே தெளிவாகிறது. நம் நீரின் இடர் குளிரன்று, அழுக்கு. கழிவுநீரில் எலிக்காய்ச்சலும் வயிற்றுநோயும் காத்திருக்கின்றன. உடைந்த கண்ணாடியும் ஆணியும் மேனியைக் கிழிக்கின்றன. நனையும் உடை அந்நீரை மேனியோடு சேர்த்துப் பிடித்துவைக்கும்; அதனுடைய அமைப்பே அத்தகையது. மாசுற்ற நீரில் இறங்குவோர்க்கு, கெட்டி ரப்பரால் ஆன நனையா உடையும், அதனோடு இணைந்த கையுறையும் காலணியும், வாயும் மூக்கும் கண்ணும் ஒருங்கே மூடும் முழுமுகக் கவசமும் வேண்டும். மேலேறியவுடன் உடையைக் களையுமுன்பே அதனைக் கழுவித் தூய்மை செய்யும் ஏற்பாடும் வேண்டும். வெப்பநாட்டில் இவ்வுடைக்குள் வியர்த்துச் சோர்வு வருமாதலால், இறங்கும் நேரத்தைக் குறைத்து ஆள் மாற்றி அனுப்புதல் வேண்டும். மேலே திறப்பில்லாத சுரங்கத்திலோ, கயிற்றுப் பிணைப்பின்றி ஒருவரையும் விடலாகாது.

மீட்க இறங்குவோர்க்கு இவ்வளவு வேண்டும் என்றால், அன்றாடம் அந்நீரில் இறங்கி வேலை செய்வோர்க்கு என்ன வேண்டும்? மனிதக் கழிவகற்றும் தொழிலில் ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. அதன் விதிகள், தவிர்க்க முடியாத நிலையில் சாக்கடையில் இறங்குவோர்க்கு உடல் முழுவதும் மூடும் நீர்புகா உடையும், காற்றுக் கருவியும், தலைவிளக்கும் தரவேண்டும் என்று பட்டியலிடுகின்றன. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் அளிக்க உச்சநீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. மழைநீர்க் கால்வாய் சட்டத்தின் கண்ணுக்குச் சாக்கடையன்று என்று சிலர் வாதிக்கக்கூடும். ஆயின் அந்நீரில் நிற்பவனின் மேனிக்கு இரண்டும் ஒன்றே.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் பலர் நகராட்சிகளிலும், இரயில்வேயிலும், துறைமுகங்களிலும், நீரேற்று நிலையங்களிலும் பணிபுரிகின்றனர். மும்பையில் துப்புரவுப் பணியில் தலைமுறைகளாக உழைத்த தமிழர் குடும்பங்களும் உண்டு. மேற்பார்வையாளராக இருப்போர், கருவிகள் வாங்கும் பட்டியல் தம் மேசைக்கு வரும்போது, அதில் நீர்புகா உடை இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கவேண்டும். இருக்கிறது என்றால், அஃது அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா, ஆளின் அளவுக்குப் பொருந்துகிறதா, அணியப் பயிற்சி தரப்பட்டதா என்றும் கேட்கவேண்டும். தொழிலாளராக இருப்போர் அதனைக் கேட்டுப் பெறும் உரிமை தமக்கு உண்டு என்று அறியவேண்டும்.

முத்து எடுக்க இறங்கியவனுக்கு மந்திரமும் ஒரு கல்லும் துணையாயின. போர்க்கப்பலை அகற்ற இறங்கியவனுக்குச் செம்புக் கவசம் கிடைத்தது. எந்தப் பொருளுக்கு நாடு மதிப்பு வைத்ததோ, அதனை எடுக்கப் போனவனுக்கு உடை தோன்றியது. ஊரின் குப்பையை எடுக்கப் போகிறவனுக்கு உடை தாமதமாகவே வருகிறது. செய்முறை நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்ததே. மூலப்பொருளும் நம் மண்ணில் விளைவதே. இன்று சட்டமும் துணை நிற்கிறது. இனி வேண்டுவது வாங்குவோரின் மனமும், கேட்போரின் குரலுமே ஆகும்.